எரவாணத்தில் செருகி வைத்தது

எரவாணத்தில் செருகியிருந்த முடிச்சுருளின் நுனி பின்னப்பட்டிருந்தது.

வடிவு அதைப் பார்த்தது காலையில், கொல்லைப்புறக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் அம்மா தைலம்மாள் எப்போதும் செருகி வைக்கிற சுருள்தான். தலை வாரும்போது சீப்பில் வருகிற முடியை விரலில் சுற்றி உருட்டி அங்கே செருகிவிடுவாள். சவுரிமுடிக்காரர் தெருவில் வந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டு ஊசியோ கொண்டை ஊக்கோ வாங்கிக்கொள்வாள். விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சுருள் என்றால் சிக்குப் பிடித்த வெறும் உருண்டை. இதிலிருந்து மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு சடை தொங்கியது. மூன்று கால் எடுத்து, இறுக்கி, ஒழுங்காகப் பின்னிய சடை.

"யம்மா, இதைப் பின்னி வெச்சியா நீ?"

அடுப்படியிலிருந்து தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு வேற வேலை இல்லியா? காத்துல சுத்திக்கினு இருக்கும். நீ வெயில்ல நிக்காத, உள்ள வா. மூஞ்சி பத்திரம்."

காற்று மூன்று கால் எடுத்துப் பின்னுமா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. முகத்துக்குப் புதுத்தோல் வந்த நாளிலிருந்து அவள் வாயை அதிகம் திறப்பதில்லை. எங்கேயாவது வெடித்துவிடுமோ என்ற பயம்.

பழைய தோலில் மங்கு இருந்தது. இரண்டு கன்னத்திலும், மூக்கின் ஓரத்தில் தொடங்கி காதுப்பக்கமாகப் படர்ந்த பழுப்பு மங்கு. ஸ்டேஷன் ரோட்டில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவள்தான் டீச்சர். விரல்களைப் பற்றி ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பியவர்கள் யாருமில்லை. ஜாதிக்காய் உரைத்துப் போட்டாள். கஸ்தூரி மஞ்சள் போட்டாள். பாண்டிச்சேரியிலிருந்து யாரோ வாங்கிவந்த வெளிநாட்டு கிரீமைப் போட்டாள். மங்கு அசையவில்லை. இந்தத் தடவை வரப்போகிறவன் திண்டிவனத்தில் கூட்டுறவு பாங்கில் வேலை பார்க்கும் சீனுவாசன். இதுவும் தட்டிப்போனால் அம்மா உடைந்துபோய்விடுவாள். வடிவுக்கும் தாங்கும் என்று தோன்றவில்லை.

திண்டிவனத்தில் பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் மல்லாட்டை மண்டிக்கு மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார் என்று இன்ஸ்டிடியூட்டுக்கு வருகிற பெண் ஒருத்திதான் சொன்னாள். படியேறும்போதே தொண்டையில் மல்லாட்டைத் தொலியின் தூசி கரகரத்தது. மேலே வெள்ளைக் கோட்டுப் போட்ட விருத்தாசலம் என்பவர் இருந்தார். குரலைக் கேட்டால் வயதானவர். முகத்தில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது, கழுவிக் கவிழ்த்த தட்டைப் போல இருந்தது. சுவர் முழுக்கச் சோடி சோடியாகப் போட்டோக்கள், வைத்தியத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"ஆபத்து ஒன்னும் இல்லியேங்க?" என்று வடிவு கேட்டாள்.

"கத்தி இல்ல, தையல் இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. மருந்து பூசுவேன். மேல் தோலு மட்டும் காஞ்சி உரிஞ்சிக்கினு வந்துடும். கீழ புதுசு இருக்கும். பம்பாயில டாக்டருகிட்ட இருந்து கத்துக்கினு வந்ததும்மா."

"பலன் இருக்குங்களா?"

"பலன் இருக்கும்." அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. "அதுல மட்டும் சந்தேகமே வேணாம்."

குச்சியில் பஞ்சு சுற்றி அவர் பூசியபோது ஆஸ்பத்திரித் தரையின் பினாயில் வாடை மூக்கில் ஏறியது, பிறகு முகம் முழுக்க நெருப்பு வைத்ததுபோல எரிந்தது, கீழே மண்டியில் மல்லாட்டையைக் கொட்டும் சரசர சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தாள், ஒரு கட்டத்தில் எரிச்சல் சட்டென்று நின்று முகமே இல்லாததுபோல ஆகிவிட்டது. அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தபோது விருத்தாசலம் ஒன்று சொன்னார்.

"உதிர்ற தோலை அங்க இங்க போட்டுடாதீங்க. அடுப்புல போட்டு எரிச்சுடுங்க. மறந்துடக் கூடாது."

தோல் ஒரு விடியற்காலையில் வந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஏறக்குறைய ஒரே ஏடாக, மெல்லிசாக, பழுப்பாக. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. மங்கு இரண்டும் அந்த ஏட்டிலேயே இருந்தன. தைலம்மாள் அதை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டாள். எரிக்கச் சொன்னார்கள் என்று வடிவு சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசுரோட இருக்கிற பொண்ணு தோலைக் கொள்ளியில போடச் சொல்றானா? மூளை இருக்குதா அவனுக்கு? உதிர்ற முடியையே நெருப்புல போட மாட்டோம். வீட்டுக்கு ஆவுமா அது?"

முடிச்சுருளைப் பிரித்து, தோலை நடுவில் வைத்து, பத்திரமாகச் சுற்றி, எரவாணத்தில் செருகினாள். வடிவு தடுக்கவில்லை. அவளுக்குமே அதைத் தீயில் போட மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் அவள் முகம்.

புதுத்தோல் வெளுப்பாக, வழவழப்பாக இருந்தது. இன்ஸ்டிடியூட்டில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள், "இன்னாடி தேய்ச்ச, எனக்கும் சொல்லு" என்று கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளியது தெரியவில்லை. அதுதான் முதல். அப்புறம் ஓர் ஈ அவள் மூக்கின் மேல் உட்கார்ந்து நடந்து உதட்டைத் தாண்டிப் போனதைக் கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். காப்பி சுடவில்லை. அம்மா திருஷ்டி கழித்து நெட்டி முறித்தபோது அந்தக் கைகள் முகத்தைத் தொட்டனவா இல்லையா என்று சத்தியமாக அவளால் சொல்ல முடியவில்லை. சரியாகிவிடும், புதுத்தோல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஊக்கால் கன்னத்தைக் குத்திப் பார்த்தாள். மரத்துக் கிடந்தது.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். போகும்போதெல்லாம் கண் எரவாணத்துக்குத்தான் போனது. சடை நீண்டிருந்தது. நேற்று விரல் நீளம், இன்று முழம். அவள் தலையை வாரினால் சீப்பில் ஒரு முடிகூட வருவதில்லை. பிறகு இது எங்கிருந்து வளர்கிறது?

அம்மாவிடமும் ஏதோ மாறியது. அடுப்படி வாசலில் நிற்கும் வடிவை நிமிர்ந்து பார்த்து, ஒரு கணம் யார் என்று யோசிப்பதுபோல விழித்து, பிறகே சிரிப்பாள். ஒரு நாள் வடிவு அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொல்லைப்பக்கம் திரும்பி, "வடிவு, மோர் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் இங்க இருக்கேம்மா."

"தெரியுதே. நான் யாரைக் கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றினாள்.

சவுரிமுடிக்காரர் வந்தது அந்த வாரத்தில்தான். தைலம்மாள் கடைக்குப் போயிருந்தாள். இந்தச் சனியன் தொலைந்தால் போதும் என்று வடிவு அவரைக் கொல்லைக்கே கூட்டிவந்து எரவாணத்தைக் காட்டினாள். அவர் சடையின் நீளத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, எக்கிப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

மேலே யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார்கள். முடியை இழுத்தால் வலியில் உறிஞ்சுவோமே, அப்படி. ஸ்ஸ்.

அவர் கையை விட்டுவிட்டார். கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இது உதிர்ந்த முடி இல்லம்மா. வேரோட இருக்குது."

"இன்னாங்க சொல்றீங்க?"

"நான் வர்றேம்மா. பேஜாரு புடிச்ச வேலை." பையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் குரல் கேட்கவில்லை.

நடு மத்தியானம். ஸ்டேஷன் யார்டில் ஷண்டிங் எஞ்சின் பெருமூச்சு விட்டது, கரிப்புகை சந்து வழியாக உள்ளே வந்து துணிகளில் படிந்தது, அம்மா கூடத்தில் தலைக்குக் கையை வைத்துத் தூங்கினாள், மின்சாரம் போய் விசிறி நின்றதும் வீட்டில் இதுவரை விசிறியின் சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்தது. மூச்சு. அம்மாவுடையது அல்ல. அம்மாவின் மூச்சு குறட்டையோடு வரும். இது மெல்லியது. ஓட்டுக்கு அடியிலிருந்து வந்தது. தேங்காயெண்ணெயும் பினாயிலும் கலந்த வாடையும் அதோடு இறங்கி வந்தது.

வடிவு முக்காலியைப் போட்டு ஏறினாள். இடுக்குக்குள் எட்டிப் பார்த்தாள். சுருள் இப்போது சுருளாக இல்லை. தேங்காய் அளவுக்குப் பருத்து, இடுக்கை அடைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததுபோல இருந்தது. முடிக்கு நடுவே ஓரமாகக் கொஞ்சம் தோல் தெரிந்தது. காய்ந்த ஏடு அல்ல. ஈரமாக, எண்ணெய் வழிந்து, வியர்த்திருந்த கன்னம். அதில் மங்கு. அவள் விரலை நீட்டித் தொட்டாள். சுட்டது, காய்ச்சல்காரர் நெற்றி சுடுவதுபோல. தொட்டதும் அது சுருங்கி விலகியது.

"அதை ஏன் தொந்தரவு பண்ணிக்கினு இருக்க?"

தைலம்மாள் பின்னால் நின்றாள். கண்ணில் தூக்கம் இல்லை.

"யம்மா, உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்தியா நீ?"

"எறங்கு. எறங்குன்னு சொல்றேன்ல." அந்தக் குரலில் அம்மா அவளிடம் பேசியதே கிடையாது. வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்நியரிடம் பேசுகிற குரல்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சீனுவாசன் வீட்டார் வருவதாக இருந்தது. வெள்ளி காலையில் கொல்லைக்குப் போன வடிவு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். சடை அவள் இடுப்பு உயரம் வரைக்கும் தொங்கியது. நுனியில் குஞ்சம். நடுவில், அம்மா விடியலில் பூக்காரியிடம் வாங்கிய கனகாம்பரம், வாடாமல், அழகாக வைக்கப்பட்டிருந்தது.

இன்ஸ்டிடியூட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினாள். கண்டக்டர் எல்லாரிடமும் டிக்கெட் கேட்டார். அவள் நீட்டிய காசைப் பார்க்காமலே அடுத்த சீட்டுக்குப் போனார். மரப்பு கழுத்தைத் தாண்டித் தோளுக்கு இறங்கியிருந்தது. ஜன்னல் காற்று அடிக்கும்போது உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பு எழும்புவதுபோல இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

விருத்தாசலம் அவள் கன்னத்தில் ஊசி முனையை வைத்தார். "வலிக்குதா?"

"இல்லைங்க."

கையிலே வைத்தார். "இங்க?"

"இல்லைங்க."

ஊசியைக் கீழே வைத்தார். "தோலை எரிச்சீங்களா?"

அவள் சொன்னாள். எரவாணத்தைச் சொன்னாள், சடையைச் சொன்னாள், அம்மாவைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அசையக்கூடிய முகமே இல்லை அது. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. அப்போதுதான் சுவரில் அவருக்குப் பின்னால் சோடி இல்லாமல் தனியாக மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் கவனித்தாள். அம்மைத்தழும்பு விழுந்த முகத்தோடு சிரிக்கிற ஒரு மனிதர். கண்கள் இவருடைய கண்கள்.

"உங்களுக்கு வீடு இந்த ஊருதானுங்களா?" ஏன் அதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"மரக்காணம் பக்கம். பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் இருக்காங்க. நான் போறதில்ல."

"ஏங்க?"

"அங்க என் பழைய மூஞ்சியோட ஆள் இருக்குதும்மா."

கீழே மண்டியில் சாக்கு மூட்டை விழுந்தது. சன்னல் கதவுகள் அதிர்ந்தன.

"ஜல்தியா கெளம்புங்க. அம்மா தடுத்தாலும் கேக்காதீங்க. எறங்கி வர்றதுக்குள்ள எரிச்சுடணும்."

பஸ் நிலையத்தில் ஒரு தீப்பெட்டி வாங்கினாள். கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் பஸ் டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றார்கள், டிரைவர் ஜாக்கியைத் தேடினார், வெயில் மஞ்சளாகி மரங்களின் நிழல் சாலையைக் கடந்து எதிர்வயலில் விழுந்தது, அவள் மட்டும் நிற்க முடியாமல் முன்னும் பின்னும் நடந்தாள். அம்மா இந்நேரம் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருப்பாள், அழுதுகொண்டிருப்பாள். பெண் இல்லாமல் வந்தவர்களுக்கு என்ன சொல்வாள்? அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது. லாரிகள் கடக்கும்போது காற்று அவளை ஓரத்துக்குத் தள்ளியது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

தெருவுக்குள் வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாசலில் புதுச்செருப்புகள். வந்துவிட்டார்கள்.

சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினாள். முதலில் எரிக்க வேண்டும். முக்காலியில் ஏறினாள். இடுக்குக்குள் கையை விட்டாள்.

ஒன்றுமில்லை.

நாலைந்து முடி. ஈரம். ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் சிரிப்பு. இத்தனை வருடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அம்மா அப்படிச் சிரித்ததில்லை. வடிவு சன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். பாயில் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள். பக்கத்தில் தலைகுனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன். அவன்தான் சீனுவாசன். அவர்கள் முன்னால் குனிந்து தட்டை நீட்டியபடி ஒரு முதுகு. வடிவின் பச்சைப் பட்டுச் சேலை. இடுப்பைத் தாண்டிய சடை. கனகாம்பரம்.

மூக்குத்தி அம்மாள் அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "மங்கு இருந்தா இன்னா? களையான மூஞ்சி. எனக்குந்தான் இருந்துது, கொழந்தை பொறந்ததும் போயிடுச்சு. எங்களுக்குப் புடிச்சிருக்குது."

வடிவுக்கு அழுகை வந்தது. வந்தது தொண்டையில்தான். கண்ணில் வரவில்லை.

"யம்மா."

தைலம்மாள் விளக்கோடு கொல்லைக் கதவைத் திறந்தாள். விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பார்த்தாள்.

"யாரும்மா நீ? வீட்ல விசேசம் நடக்குது. இன்னா வேணும்?"

"நான்தாம்மா. வடிவு."

அம்மாவின் முகத்தில் இரக்கம் வந்தது. சோறு கேட்டு வருகிறவர்களைப் பார்த்து வருமே, அந்த இரக்கம். உள்ளே திரும்பினாள். "வடிவு, இங்க யாரோ வந்து நிக்குதும்மா."

"நான் பாத்துக்கறேம்மா. நீ போயி அவங்களுக்குக் காப்பி குடு."

அவள் குரல். வடிவின் குரலேதான்.

அவள் வந்தாள். கதவைப் பின்னால் சாத்தினாள். மங்கலான வெளிச்சத்தில் அந்த இரண்டு கன்னமும் தெரிந்தன. ஜாதிக்காய் உரைத்துப் போட்ட மங்கு. புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு. மேலுதட்டில் வியர்வை. உயிருள்ள முகம்.

சன்னல் திட்டில் இருந்த கிருஷ்ணாயில் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

"டாக்டரு சொன்னாருல்ல," என்றாள், கோபமில்லாமல், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு. "உதிர்ந்ததை அங்க இங்க போடக் கூடாதுன்னு."

ஓட வேண்டும். கால் தரையில் இல்லை. கொல்லைக் காற்றில் உடம்பு ஓலைபோல ஆடியது. சேலை நனைந்தது. மண்ணெண்ணெய் வாடை.

அந்த வியர்த்த விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டன.

உள்ளே யாரோ சிரித்தார்கள். குச்சி உரசும் சத்தம். வெளிச்சம் காலிலிருந்து மேலே ஏறியது.

முகத்தில் சூடே தெரியவில்லை.